அந்தப் பாட்டி என்ன படிக்கிறாள்?

மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு, அதையே வீடு முழுக்கத் தேடுகிற வயசு எனக்கு வந்துவிட்டது. 57. 'வெள்ளெழுத்து' என்று நம் பெரியவர்கள் இதற்கு என்ன அழகாகப் பேர் வைத்திருக்கிறார்கள்! புத்தகத்தைக் கிட்டே பிடித்தால் எழுத்தெல்லாம் வெளுத்துப் போகிறது. தள்ளிப் பிடித்தால் கொஞ்சம் தெரிகிறது. இன்னும் தள்ளிப் பிடிக்கலாம் என்றால் கை நீளம் போதவில்லை. வியாதி கண்ணிலா, கையிலா என்பதே சந்தேகமாகிவிட்டது.

இந்த லட்சணத்தில், போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளாட்பாரக் கடையில் ஒரு தடிப் புத்தகம் வாங்கி வந்தேன். ஐரோப்பிய ஓவியங்கள் பற்றியது. முன்பக்கம் முப்பது தாள் காணோம். அட்டையில் யாரோ டம்ளர் வைத்த வட்டம். அதனால்தான் என் பட்ஜெட்டுக்கு வந்தது.

"இதை எங்கே வைக்கப் போறீங்க? கட்டில் காலுக்கு முட்டுக் கொடுக்கவா?" என்றாள் என் மனைவி. பதில் சொல்லாமல் புரட்ட ஆரம்பித்தேன்.

ஒரு பக்கத்தில் ஒரு பாட்டி. மடியில் பெரிய புத்தகம். இரண்டு பக்கம் தள்ளி ஒரு தாத்தா. அவர் மேஜையிலும் பெரிய புத்தகம். இன்னும் கொஞ்சம் தள்ளினால் தாத்தா, பாட்டி, புத்தகம் மூன்றும் சேர்ந்து! ஜன்னல், மூக்குக்கண்ணாடி, சுருக்கம் விழுந்த கை, பைபிள். சாப்பாட்டு வேளைக்குள் பதினொன்று எண்ணிவிட்டேன்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "எல்லாப் பாட்டியும் ஒரே மாதிரி இருக்காங்களே... ஒரே பாட்டியை உட்கார வச்சே எல்லாரும் வரைஞ்சுட்டாங்களா?"

சிரித்துவிட்டேன். ஆனால் தோண்டிப் பார்த்ததில் அவள் சொன்னதில் பாதி உண்மை!

இந்த வகைப் படங்களுக்கெல்லாம் மூத்த பாட்டி ஒருத்தி ஹாலந்தில் இருக்கிறாள். ஆம்ஸ்டர்டாம் நகரத்து ரைக்ஸ் மியூசியத்தில். 1631-ல் ரெம்பிராண்ட் வரைந்தது. முகம் பாதி நிழலில் இருக்கும். வெளிச்சமெல்லாம் புத்தகத்தின் மேலும், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் கையின் மேலும்தான். அந்தக் கையில் சுருக்கம் சுருக்கமாக, நரம்பு நரம்பாக... நம் வீட்டுப் பெரியவர்களின் கை தோற்றது போங்கள். கண் சரியாகத் தெரியாதவர்கள் வரிக்குக் கீழே கையை ஓட்டிப் படிப்பார்களே, அந்த மாதிரி.

ஏறக்குறைய அதே காலத்தில், ரெம்பிராண்டின் முதல் சிஷ்யர் ஹெரிட் டோ என்பவரும் இதே சாயலில் ஒரு பாட்டியை, இதே மாதிரி புத்தகத்தோடு வரைந்தார். ரொம்ப நாள் இந்தப் பாட்டியை 'ரெம்பிராண்டின் அம்மா' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அம்மாவோ இல்லையோ, குருவும் சிஷ்யரும் ஒரே சாயலைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. டோ மகா பொறுமைசாலி. துடைப்பம் ஒன்றை வரைய நாள் கணக்கில் உட்கார்ந்தார் என்று கதை உண்டு. அவர் படத்தில் பாட்டி படிக்கும் பக்கத்தை நாமே எழுத்துக் கூட்டிப் படிக்கலாம்! லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் 19-ம் அதிகாரம். என்ன கதை? வரி வசூலிக்கிற பணக்காரர் ஒருவர் ஏசுவைப் பார்த்ததும், தன் சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன் என்று சொல்கிற கதை. இதைப் படிக்கிற பாட்டி எப்படி இருக்கிறாள்? மிருக ரோமம் வைத்த விலை உயர்ந்த உடுப்பில், சௌகரியமாக! டோ வேண்டுமென்றேதான் செய்தாரா என்று எனக்குச் சந்தேகம். அமுக்கமான ஆள்.

இது 17-ம் நூற்றாண்டு. ஆனால் என் தடிப் புத்தகத்தில் மொய்த்துக்கொண்டிருந்த தாத்தா பாட்டிகளில் முக்கால்வாசிப் பேர் 19-ம் நூற்றாண்டுக்காரர்கள். அப்போது மட்டும் ஏன் இத்தனை கிராக்கி?

யோசித்துப் பார்த்தால் காரணம் ரொம்ப எளிது. அது ரயிலும் மில்லும் வந்த நூற்றாண்டு. கிராமத்துப் பிள்ளைகள் மூட்டை கட்டிக்கொண்டு நகரத்துக்குக் கிளம்பிய நூற்றாண்டு. போனவர்களில் சிலர் சம்பாதித்தார்கள். பெரிய வீடு கட்டினார்கள். வெறும் சுவர் நன்றாக இருக்காதே, படம் வேண்டும். ராஜா ராணி படம் பழசாகிவிட்டது. போர்க்களப் படத்தைச் சாப்பாட்டு அறையில் மாட்டினால் சோறு இறங்காது. அப்போதுதான் கிராமத்து வீடு, அடுப்படி, கல்யாணம், பள்ளிக்கூடம் என்று சாதாரண ஜனங்களின் வாழ்க்கையைக் காட்டும் படங்கள் சுடச்சுட விற்றன. அதில் 'பைபிள் படிக்கும் பாட்டி'க்குத் தனி மவுசு.

கொஞ்சம் குரூரமாகச் சொன்னால், பாட்டியைக் கிராமத்தில் விட்டுவிட்டு வந்தவர்கள், பாட்டி படத்தைச் சுவரில் மாட்டிக்கொண்டார்கள். (இந்த வரியை எழுதும்போது அடுத்த ரூமிலிருந்து என் அம்மா, "ஏண்டா... வேலையா இருக்கியா?" என்று கூப்பிட்டாள். "ஆமாம்மா, கொஞ்சம் பொறு" என்றேன். இந்த 'கொஞ்சம் பொறு'வைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.)

அதற்காக இந்த ஓவியர்கள் எல்லோரும் வியாபாரிகள் என்று நினைத்துவிடாதீர்கள். வில்ஹெல்ம் லைபிள் என்று ஒரு ஜெர்மன்காரர். பவேரியாவில் பெர்ப்லிங் என்ற குட்டிக் கிராமத்து சர்ச்சில் மூன்று பெண்களை உட்கார வைத்து வரைந்தார். ஒருத்தி இளசு, மற்ற இருவர் கிழவிகள். பொம்மைகளோ சம்பள நடிகைகளோ இல்லை, நிஜமான விவசாயக் குடும்பத்துப் பெண்கள். 1878-ல் ஆரம்பித்த படம் முடிந்தது எப்போது தெரியுமா? 1881 கடைசியில்! மூன்று வருஷத்துக்கு மேல் அந்தப் பெண்கள் வேலை வெட்டியை விட்டுவிட்டு வந்து, அந்தக் குளிரில் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நம்மால் ஒரு பாஸ்போர்ட் போட்டோவுக்கு மூன்று நிமிஷம் ஆடாமல் இருக்க முடிவதில்லை.

'சர்ச்சில் மூன்று பெண்கள்' என்ற அந்தப் படம் இப்போது ஹாம்பர்க் நகரத்து மியூசியத்தில் இருக்கிறது. அதில் லைபிள் யாரையும் அழகாக்கவில்லை. கிழவிகளின் கைகளைப் பாருங்கள்! மண்வெட்டி பிடித்துப் பிடித்துக் கணு கணுவாக முற்றிய கைகள். கிராமத்துக்காரர்களை 'அடடா, என்ன எளிமை!' என்று உச்சுக் கொட்ட விடாத படம் அது. மாறாக, 'இவ்வளவு உழைத்த கை இப்போதுதான் கொஞ்சம் சும்மா இருக்கிறது' என்று தோன்றும்.

இங்கே எனக்கு ஒரு கேள்வி. கிராமத்துக் கிழவிக்குப் படிக்கத் தெரிந்தது எப்படி? பள்ளிக்கூடம் எல்லோருக்கும் பொதுவாக வந்தது பின்னால்தானே?

பதில் சர்ச்சில் இருக்கிறது. ஜெர்மனியில் மார்ட்டின் லூத்தர் 1522-ல் புதிய ஏற்பாட்டையும், 1534-ல் முழு பைபிளையும் ஜனங்கள் பேசும் பாஷையில் அச்சுக்குக் கொண்டு வந்தார். 'சாமியார் படித்துச் சொன்னால் போதாது, அவரவர் வீட்டில் அவரவர் படிக்க வேண்டும்' என்பது அந்தக் கட்சியின் கொள்கை. ஸ்வீடனில் இதை இன்னும் கறாராகச் செய்தார்கள். 1686-ல் வந்த சர்ச் சட்டப்படி, பண்ணையாள் உள்பட எல்லோரும் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். பாதிரியார் வீடு வீடாக வந்து குடும்பத்தையே வரிசையாக நிற்க வைத்துப் பரீட்சை நடத்துவார், மார்க்கைப் பெரிய நோட்டில் குறித்துக்கொள்வார். தாத்தாவுக்கும் பரீட்சை, பேரனுக்கும் பரீட்சை! அதனால் அங்கே வினோதமான ஒரு தலைமுறை உருவானது. நன்றாகப் படிப்பார்கள், ஆனால் தன் பெயரை எழுதத் தெரியாது. எழுதுவதைத்தான் யாரும் கேட்கவில்லையே!

ஆக, படத்தில் பாட்டி புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பது சும்மா 'பக்தி போஸ்' இல்லை. சின்ன வயசில் அடியோ திட்டோ வாங்கிக் கற்றுக்கொண்ட ஒரே படிப்பு, கடைசி வரைக்கும் கூட வந்த கதை.

சில இடங்களில் அதற்கு ஜெயிலும் உண்டு. நார்வேயில் ஹான்ஸ் நீல்சன் ஹெளகே என்று ஒரு விவசாயி மகன். ஊர் ஊராகப் போய் வீடுகளில் ஜனங்களைக் கூட்டி வைத்து வேதம் பேசினார். பாதிரியார் அனுமதி இல்லாமல் இப்படிக் கூடக் கூடாது என்று 1741-லேயே போட்ட உத்தரவு ஒன்று இருந்தது. 1804-ல் பிடித்து உள்ளே போட்டார்கள். வழக்கு ஒருவழியாக முடிய 1814 ஆனது. அந்த உத்தரவு ரத்தானது 1842-ல். ஆறே வருஷத்தில், 1848-ல், அடால்ஃப் டீடமாண்ட் என்ற ஓவியர் ஹெளகேயின் ஆட்களை வரைந்தார். புகை படிந்த குடிசை, கூரைத் துவாரம் வழியாக இறங்கும் வெளிச்சம், நடுவில் நின்று பேசும் இளைஞன், சுற்றிலும் கிழவர்களும் கிழவிகளும். முப்பது நாற்பது வருஷம் முன்னால் திருட்டுத்தனமாகக் கூடியவர்கள் இவர்கள். அந்த வயசானவர்கள் முகத்தில் தெரிவது வெறும் பக்தி இல்லை. 'இப்போ யார் வந்து பிடிக்கிறான் பார்க்கலாம்' என்ற நிம்மதி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ரொம்ப சீரியஸாகப் போகிறதா? ஃபின்லாந்துக்கு வாருங்கள். ஆல்பர்ட் எடெல்ஃபெல்ட் 1887-ல் வரைந்த படம். ருவோகோலாக்தி என்ற ஊரில் சர்ச்சுக்கு வெளியே மேட்டில் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கிழவிகளும் உண்டு. உள்ளே நடந்த பிரசங்கம் எல்லாம் உள்ளேயே முடிந்தது. இங்கே சுவாரஸ்யமான பேச்சு! கோயில் பிராகாரத்தில் பிரசாதம் வாங்கிய கையோடு உட்கார்ந்து, 'அப்புறம், உன் மருமக எப்படி இருக்கா?' என்று ஆரம்பிக்கிற காட்சி நமக்குப் புதுசா என்ன? வேதம் ஒரு பக்கம், வம்பு ஒரு பக்கம். இரண்டும் இல்லாமல் முதுமை ஏது?

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி என் மகன் வந்தான். "அப்பா, இந்தப் புத்தகத்துல அச்சு மங்கியிருக்கு. கம்ப்யூட்டர்ல பெரிசாவே காட்டறேன்" என்று ஒவ்வொரு படமாக எடுத்துக் காட்டினான். கண்ணாடி போடாமலே தெரிந்தது. அப்போதுதான் நான் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். அதுவரை நான் படிப்பவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்க வேண்டியது முகத்தை இல்லை, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதை!

அப்படிப் பார்த்தால் சில படங்களில் பக்கத்தில் யாருமே இல்லை. 1882-ல் வின்சென்ட் வான்கோ ஹேக் நகரத்தில் கஷ்ட ஜீவனம் நடத்திக்கொண்டிருந்தார். படத்துக்கு உட்கார ஆள் வைக்கக் காசு கிடையாது. முதியோர் விடுதியிலிருந்த ஏழைக் கிழவர்களை அழைத்து வந்து, கையில் இருந்ததைக் கொடுத்து வரைந்தார். அவர்களில் 72 வயது அட்ரியானஸ் ஸவுடர்லாண்ட் என்பவரைத் திரும்பத் திரும்ப வரைந்தார். முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு நாற்காலியில் குனிந்திருக்கும் அந்தப் பிரபலமான கிழவர் இவர்தான். அதே சமயம் வான்கோ இன்னும் இரண்டு படம் போட்டார். பைபிள் படிக்கும் கிழவர் ஒன்று. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் கண்ணை மூடிப் பிரார்த்திக்கும் கிழவர் இன்னொன்று. இரண்டிலும் ஓர் ஆள். அவ்வளவுதான்.

சில படங்களில் பக்கத்தில் வீடே கூடியிருக்கிறது. 1755-ல் பாரிஸ் கண்காட்சியில் க்ரூஸ் என்ற ஓவியர் வைத்த படம் அப்படி. அப்பா உரக்கப் படிக்கிறார், குடும்பமே மேஜையைச் சுற்றிக் கேட்கிறது. கூட்டம் அலைமோதியதாம். அந்த ஒரு படத்தில் க்ரூஸ் பெரிய ஆளாகிவிட்டார். அதில் படிப்பவர் பெரியவர், கேட்பவர்கள் சின்னவர்கள்.

இது தலைகீழாக மாறுகிற ஒரு படம்தான் என்னைப் பிடித்து உட்கார வைத்தது.

ஆல்பர்ட் ஆங்கர். ஸ்விட்சர்லாந்துக்காரர். 1831-ல் இன்ஸ் என்ற கிராமத்தில் பிறந்தார். பையன் பாதிரியார் ஆக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. இவரும் பெர்னிலும், ஜெர்மனியில் ஹாலே நகரத்திலும் வேத சாஸ்திரம் படித்தார். ஹாலே என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு படித்த அதே ஊர்! தமிழ் எழுத்துக்களை ஈயத்தில் வார்த்துக் கப்பலில் அனுப்பியதும் அந்த ஊரிலிருந்துதான். 1713-ல் எழுத்து வந்து சேர்ந்தது. அடுத்த இரண்டு வருஷத்துக்குள் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகிவிட்டது. 'ஒவ்வொருவரும் தன் பாஷையில் தானே படிக்க வேண்டும்' என்று ஹாலேயில் பிடித்த பிடிவாதம், ஒரு பக்கம் காவிரி முகத்துவாரம் வரைக்கும் வந்திருக்கிறது.

ஆங்கர் பாதிரியார் ஆகவில்லை. அப்பாவிடம் மன்றாடி அனுமதி வாங்கிக்கொண்டு, 1854-ல் ஓவியம் கற்கப் பாரிஸுக்குப் போய்விட்டார். ஆனால் வருஷா வருஷம் கோடையில் சொந்த ஊர். வரைந்ததெல்லாம் ஊர்ப் பிள்ளைகளும் ஊர்க் கிழவர்களும்தான். 1862-ல் பள்ளிக்கூடத்துப் பரீட்சையை வரைந்தார். 1870-லிருந்து 1874 வரை பெர்ன் மாநிலச் சபையில் உறுப்பினராகவும் இருந்தார். ஊருக்கு ஒரு கலை மியூசியம் வேண்டும் என்று அங்கே வாதாடியவர்களில் இவரும் ஒருவர். ஆரம்பப் பள்ளி கட்டாயம், இலவசம் என்று ஸ்விட்சர்லாந்து அரசியல் சட்டத்திலேயே எழுதியதும் அதே 1874-ல்தான்.

1893-ல் அவர் வரைந்த படம், 'தாத்தாவின் பிரார்த்தனை நேரம்' என்று சொல்லலாம். இப்போது பெர்ன் மியூசியத்தில் இருக்கிறது. வயசாகி உடம்பு தளர்ந்த தாத்தா உட்கார்ந்திருக்கிறார். படிப்பது அவர் இல்லை. பக்கத்தில் ஒரு சின்னப் பையன் புத்தகத்தை வைத்துக்கொண்டு அவருக்காகப் படிக்கிறான்.

அவ்வளவுதான் படம். அழுகை இல்லை, ஆகாசத்திலிருந்து தேவதை இறங்கவில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தப் பையன், இலவசப் பள்ளிக்கூடம் வந்த பிறகு பிறந்த பையன். எழுத்துக் கூட்டக் கற்ற புதுசு. தாத்தாவுக்கோ அந்த வேதம் அநேகமாக மனப்பாடமாகவே இருந்திருக்கும். அவர் பையனிடம் கதை கேட்கவில்லை. அவருக்குத் தெரியாதது எதுவும் அந்தப் புத்தகத்தில் இல்லை. அப்புறம் எதற்குக் கேட்கிறார்? இந்தக் கேள்வி எனக்குள் முள் மாதிரி மாட்டிக்கொண்டது.

ஆங்கருக்கே 1901-ல் பக்கவாதம் வந்து வலது கை பாதிக்கப்பட்டது. பெரிய படங்களை விட்டுவிட்டு, சின்னச் சின்ன நீர்வண்ணப் படங்களாக வரைந்துகொண்டு 1910 வரை இருந்தார். பிறர் கையை எதிர்பார்க்கிற முதுமை என்னவென்று அவருக்கும் பின்னால் தெரிந்திருக்கும்.

இன்னொரு படம் அமெரிக்காவில். வின்ஸ்லோ ஹோமர் 1877-ல் வரைந்த 'வர்ஜீனியாவில் ஞாயிறு காலை'. சின்சினாட்டி மியூசியத்தில் இருக்கிறது. கறுப்பினக் குடும்பம். இளம்பெண் ஒருத்தி குழந்தைகளைச் சுற்றி வைத்துக்கொண்டு பைபிளை வைத்தே படிக்கச் சொல்லித் தருகிறாள். பக்கத்திலேயே ஒரு கிழவி. ஆனால் அவள் புத்தகத்தைப் பார்க்கவில்லை. வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஏன்? வர்ஜீனியாவில் 1831-ல் ஒரு சட்டம் போட்டார்கள். கறுப்பின மக்களைக் கூட்டி வைத்துப் படிக்கச் சொல்லித் தந்தால் குற்றம்! எழுத்து தெரிந்தால் அடிமை கேள்வி கேட்பானே என்ற பயம். உள்நாட்டு யுத்தம் 1865-ல் முடிந்து அடிமைத்தனம் ஒழிந்தது. பன்னிரண்டு வருஷம் கழித்து வரைந்த படம் இது. பேரப்பிள்ளைகளுக்கு எழுத்து வந்துவிட்டது. கிழவிக்கு? அவளுடைய காலமெல்லாம் பூட்டி வைத்திருந்த பெட்டியை, அவள் கண் எதிரிலேயே சின்னக் குழந்தைகள் திறக்கிறார்கள். அந்தப் பார்வையில் சந்தோஷம் இருக்கிறதா, துக்கம் இருக்கிறதா... இரண்டும் கலந்தால் முகம் அப்படித்தான் இருக்கும்.

அடிமையாகப் பிறந்து பெரிய கல்வியாளராக உயர்ந்த புக்கர் வாஷிங்டன், 1901-ல் வெளிவந்த தன் சுயசரிதையில் எழுதுகிறார்: விடுதலைக்குப் பிறகு வயசானவர்களுக்கு இருந்த பெரிய ஆசையே, சாவதற்குள் பைபிளைத் தானாகப் படித்துவிட வேண்டும் என்பதுதானாம். ஐம்பது வயசிலும் எழுபத்தைந்து வயசிலும் ராத்திரிப் பள்ளிக்கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார்களாம். 75 வயசில் 'ஏ, பி, சி'! வெள்ளெழுத்துக் கண்ணோடு முதல் எழுத்தைக் கற்றவர்கள் அவர்கள். கண்ணாடி எங்கே என்று கத்திக்கொண்டிருக்கிற எனக்குக் கூச்சமாக இருந்தது.

கடைசியாக ஒரு படம். அதில் ஆளே இல்லை.

மறுபடி வான்கோதான். அவர் அப்பா ஒரு கிராமத்துப் பாதிரியார். மகனுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். மகன் படிக்கிற பிரெஞ்சு நாவல்களெல்லாம் அப்பாவுக்கு வேப்பங்காய். 1885 மார்ச் மாசம் அப்பா திடீரென்று போய்விட்டார். 63 வயசு. அதே வருஷம் அக்டோபரில் வான்கோ ஒரு படம் வரைந்தார். ஒரே நாளில் முடித்ததாகத் தம்பிக்கு எழுதினார். மேஜை மேல் பெரிய பைபிள், ஏசாயா தீர்க்கதரிசியின் 53-ம் அதிகாரம் திறந்திருக்கிறது. பக்கத்தில் அணைந்த மெழுகுவர்த்தி. முன்னால், அட்டை நைந்துபோன சின்ன மஞ்சள் புத்தகம், எமிலி ஸோலாவின் நாவல். அப்பாவுக்குப் பிடிக்காத அதே ரகம்!

அப்பா புத்தகமும் பிள்ளை புத்தகமும் ஒரே மேஜையில். உயிரோடு இருந்தபோது இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க முடியவில்லை. இத்தனை தாத்தா பாட்டி படங்களிலும் நாற்காலி காலியாக இருக்கிற படம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். படிக்க வேண்டியவர் எழுந்து போய்விட்டார். புத்தகம் திறந்தபடி இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் வான்கோ மியூசியத்தில் இதைப் பார்க்கலாம். ரெம்பிராண்டின் பாட்டி இருக்கும் இடத்திலிருந்து நடந்தே போகிற தூரம்தான்.

மகன் கம்ப்யூட்டரை மூடிவிட்டுத் தூங்கப் போனான். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

இப்போது அந்த 'கொஞ்சம் பொறு' விஷயத்துக்கு வருகிறேன்.

என் அம்மாவுக்கு 84. கண் புரை ஆபரேஷனெல்லாம் ஆனது. இருந்தாலும் விழித்திரை பழுதாகிவிட்டது, இனி கண்ணாடி மாற்றிப் பிரயோஜனம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். நடுவில் ஒரு கறுப்பு வட்டம், ஓரத்தில்தான் தெரிகிறது. ஐந்தாம் கிளாஸ் படிப்பு. ஆனால் விளக்கு வைத்ததும் ராமாயண வசன புத்தகத்தை எடுத்து, அதுவும் 'பெரிய எழுத்து' போட்ட பதிப்பாகப் பார்த்து வாங்கி, தினம் இரண்டு பக்கம் படிக்காமல் சாப்பிட மாட்டாள். பார்வை மங்கிய பிறகு, "ரெண்டே ரெண்டு பக்கம் படிச்சுக் காட்டேன்டா" என்று கேட்க ஆரம்பித்தாள். நான்கு நாள் படித்தேன். ஐந்தாம் நாள் ஆபீஸ் வேலை. ஆறாம் நாள் தலைவலி. அப்புறம் புத்திசாலித்தனமாக ஒன்று செய்தேன். செல்போனில் ராமாயணம் ஓட ஏற்பாடு செய்துகொடுத்தேன். கணீர் குரல், பின்னணியில் வீணை, பட்டனைத் தொட்டால் போதும். 'கடமை முடிந்தது' என்று நிம்மதியாக இருந்தேன். அம்மா அதை இரண்டு நாள் கேட்டாள். மூன்றாம் நாளிலிருந்து போன் தலையணைக்கு அடியில்.

"ஏம்மா, கேக்கலையா?" என்றதற்கு, "அது பாட்டுக்குப் போவுதுடா. நிறுத்தி ஒரு வார்த்தை பேச முடியலையே" என்றாள்.

அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. ஆங்கர் வரைந்த தாத்தாவைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. உலகத்தின் மூலை முடுக்கில் இருக்கிற கிழவியை எல்லாம் பெரிசு பண்ணிப் பார்த்து, 'அடடா, அந்தக் கை! அந்த வெளிச்சம்!' என்று மூன்று மணி நேரமாக உருகிக்கொண்டிருக்கிறேன். பத்தடி தள்ளி, சுவருக்கு அந்தப் பக்கம், புத்தகத்தோடு ஒரு நிஜப் பாட்டி. பாட்டி படத்தைச் சுவரில் மாட்டிக்கொண்ட அந்தக் காலத்து நகரத்துப் பணக்காரனைக் கிண்டல் செய்தேனே, அவனாவது ரயில் ஏறி வந்தவன். எனக்கு என்ன சாக்கு?

எழுந்து போனேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அம்மா விழித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"எங்கேம்மா விட்டோம்?"

"சுந்தர காண்டம். அனுமார் அசோகவனத்துல மரத்து மேலே உக்காந்திருக்கார். ரெண்டு மாசமா உக்காந்திருக்கார் பாவம்" என்றாள்.

கண்ணாடியைத் தேடினேன். "நெத்தியில பாரு" என்றாள் அம்மா. ஓரப் பார்வையிலேயே தெரிந்திருக்கிறது!

படித்தேன். ஒரு பக்கம் ஆனது. இரண்டாவது பக்கம் பாதியில் அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து மெதுவாகப் புத்தகத்தை மூடப் போனேன்.

"ஏன் நிறுத்திட்டே?"

"தூங்கிட்டியோன்னு நெனச்சேன்மா."

"தூங்கல. அடுத்தது என்னன்னு எனக்குத் தெரியும்... இருந்தாலும் நீ சொல்லு."